“போயிட்டு வாறேன்” என்றால் ரூம் காலி என்று அர்த்தமா?

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு வழக்கில் வக்கீலாக நுழைந்தேன். சற்று நேரத்தில் நீதிபதியாக உயர்ந்தேன். கடைசியில், காணாமல்போன சொத்தோடு கையும் களவுமாகப் பிடிபட்டேன்.

எல்லாம் ஒரு டம்ளர் காப்பி ஆறுவதற்குள்.

இடம் மயிலாப்பூரில் ஒரு லாட்ஜ். கீழே காப்பி ஹோட்டல், மேலே தங்கும் அறைகள். எந்தத் தெரு என்று கேட்காதீர்கள். சொன்னால் முதலாளி என்மேல் மானநஷ்ட வழக்குப் போடுவார். அதற்கும் யோசனை கேட்டுக்கொண்டு என்னிடமே வருவார். ஆகவே அவரை வெறுமனே நாயுடு என்று வைத்துக்கொள்வோம்.

நான் வீட்டில் காப்பி சாப்பிட்டுவிட்டு, அது போதாமல் நாயுடு ஹோட்டலிலும் சாப்பிடுகிறவன் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். என் மனைவிக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பாள் — அந்த ஞாயிற்றுக்கிழமை வரையில்.

நாயுடுவிடம் டம்ளர் ஒரே ரகம். அகலமான பித்தளை டம்ளர். மாடியில் தண்ணீர் குடிப்பதும் அதில்தான், கீழே காப்பி குடிப்பதும் அதில்தான். டம்ளர்தான் அகலமே தவிர, காப்பி முக்கால் டம்ளருக்கு மேல் ஏறி நான் பார்த்ததில்லை. அது அவருடைய கொள்கை. ஆனால் அன்றைக்கு சர்வர் கொண்டுவந்து வைத்த காப்பி விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது!

யுத்தம் முடிந்துவிட்டதல்லவா... நாயுடுவுக்கும் மனசு இளகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

டம்ளரை எடுக்கக் கையை நீட்டுகிறேன். மாடிப்படியில் தடதடவென்று யாரோ இறங்கி வந்தார்கள்.

வந்தவர் பெரியவர். கறுப்புக் கோட்டு, வெள்ளை வேட்டி, கக்கத்தில் குடை, கையில் ஒரு தோல் பை. கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன. நேரே கல்லாவில் இருந்த நாயுடுவிடம் போய், “என் பல்லு எங்கே?” என்று கேட்டார்.

அப்படித்தான் அவர் கேட்டார் என்பது பிற்பாடு தெரிந்தது. பல் இல்லாத வாயிலிருந்து வந்ததால் நாயுடு காதில் அது ‘பாலு’ என்று விழுந்துவிட்டது.

“பாலா? ஒக்காருங்க சார், சூடா வரும்” என்றார் நாயுடு.

பெரியவர் தலையை ஆட்டினார். டம்ளரில் வைத்திருந்தது, இப்போது இல்லை என்று கையால் ஜாடை காட்டினார். வாயைத் தொட்டுக் காட்டினார். வாயைத் தொட்டுக் காட்டினால் ஹோட்டல்காரன் என்ன நினைப்பான்? பாலைச் சீக்கிரம் கொண்டுவரச் சொல்கிறார் என்றுதானே! சர்வர் ஓடிப்போய் ஒரு டம்ளர் பாலைக் கொண்டுவந்து நீட்டினான். பெரியவருக்கு அழுகையே வந்துவிட்டது. குடையைக் கீழே வைத்துவிட்டு வாயை ஆ என்று திறந்து காட்டினார்.

நாயுடு எட்டிப் பார்த்தார். மேல் வரிசை முழுக்க வெறும் ஈறு. அப்போதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. புரிந்தவுடன் என் பக்கம் திரும்பினார்.

“வக்கீல் சார், கொஞ்சம் இப்பிடி வாங்களேன்.”

பெரியவரும் என்னைப் பார்த்தார். வக்கீல் என்றவுடன் அவர் முகத்தில் ஒரு தெம்பு. இரண்டு கட்சிக்கும் ஒரே வக்கீல் இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. இருந்தாலும் இருவரும் சேர்ந்தே கூப்பிடும்போது என்ன செய்வது? காப்பி டம்ளரைக் கையோடு எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் பக்கத்து மேஜைக்குப் போய் உட்கார்ந்தேன். கோர்ட்டு கூடியது.

பெரியவர் பெயர் சவேரிமுத்து. தூத்துக்குடியில் பள்ளிக்கூட வாத்தியார். சனிக்கிழமை வந்து மாடியில் ரூம் எடுத்திருந்தார். பல் இல்லாத வாயால் அவர் சொன்னதையெல்லாம் உங்களுக்குப் பல்லோடு சொல்கிறேன். இல்லாவிட்டால் இந்தப் பத்திரிகையில் இடம் போதாது.

ஞாயிறு விடியற்காலையில் அவர் சாந்தோமில் பூசை காணப் புறப்பட்டிருக்கிறார். பூசையில் நன்மை வாங்கும்போது, அதாவது சாமியார் நாக்கில் வைக்கிற அப்பத்தை வாங்கும்போது, அது கட்டுப்பல்லின் மேல்தட்டில் ஒட்டிக்கொள்கிறதாம். விரலை விட்டு எடுக்கக் கூடாது. பயபக்தியோடு நிற்கிற நேரத்தில் நாக்கால் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது அவருக்குச் சம்மதமில்லை. அதனால் நன்மை வாங்கப் போகிற நாட்களில் பல்லைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டுப் போவது அவர் வழக்கம். அன்றும் லாட்ஜ் டம்ளரில் போட்டு, ஜன்னல் மாடத்தில் வைத்து, மேலே ஒரு காகிதத்தை மூடிவிட்டுப் போயிருக்கிறார்.

சரி. பல்லை விட்டுவிட்டுப் போனவர் பையையும் குடையையும் ஏன் எடுத்துக்கொண்டு போனார்?

இங்கேதான் சுவாரஸ்யம். நாயுடு கல்லாவுக்கு மேலே ஒரு போர்டு தொங்குகிறது. ‘தங்குவோர் சாமான்களுக்கு நிர்வாகம் ஜவாப்தாரி அல்ல.’ வாத்தியார் அல்லவா, எழுதியிருப்பதைப் படித்துவிட்டார். படித்ததை நம்பியும் விட்டார். ரூமுக்குப் பூட்டும் கிடையாது. நாயுடு லாட்ஜில் பூட்டு அவரவர் கொண்டுவர வேண்டும். ஜவாப்தாரி இல்லாத இடத்தில், பூட்டும் இல்லாத ரூமில் பையை வைப்பதா என்று, எல்லாவற்றையும் வாரிக் கையில் எடுத்துக்கொண்டார். பல்லை யார் எடுக்கப்போகிறார்கள் என்று அதை மட்டும் விட்டுவிட்டார்.

கீழே வந்து நாயுடுவிடம் சொல்லிக்கொண்டும் போயிருக்கிறார். என்னவென்று? “போயிட்டு வாறேன்” என்று.

நாயுடு தன் கட்சியைச் சொன்னார். மனுஷன் பையோடு வந்தார், குடையோடு வந்தார், போயிட்டு வாறேன் என்று சொன்னார். ரூமைப் பார்த்தால் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அன்றைக்கோ முகூர்த்த நாள். மாப்பிள்ளையின் மாமா ஒருவர் ரூம் கிடைக்காமல் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவரை அந்த ரூமில் ஏற்றிவிட்டார். வேறு எவனாக இருந்தாலும் அதைத்தானே செய்வான்?

“ஊர்ல எல்லாரும் அப்பிடித்தான சார் சொல்லிக்கினு கிளம்பறாங்க? போறேன்னு எவன் சொல்றான்? வர்றேன்னு சொன்னாலே போறேன்னுதான அர்த்தம்?”

யோசித்துப் பாருங்கள், நாயுடு சொல்வதில் தப்பு உண்டா? ஒரேயடியாகப் புறப்படுகிறவனும் ‘போயிட்டு வரேன்’ என்கிறான். முக்குக் கடைக்கு வெற்றிலை வாங்கப் போகிறவனும் ‘போயிட்டு வரேன்’ என்கிறான். ‘போகிறேன்’ என்று சொன்னால் வாயிலேயே போடுவார்கள். இரண்டு பேரையும் பிரித்துச் சொல்ல நம் பாஷையில் ஒரு வார்த்தை கிடையாது. நம் ஊரில் லாட்ஜ் நடத்துவது லேசா?

வாத்தியாரோ மேஜையைத் தட்டினார். வாறேன் என்றால் வாறேன்தான் என்றார். அவருடையது முத்துக்குளிக்கிற குடும்பம். தோணியிலிருந்து தண்ணீரில் இறங்குகிறவன், மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஆளிடம் ‘போயிட்டு வாறேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவானாம். அதை உபசாரத்துக்குச் சொல்வதில்லை. சொன்னவன் வந்தாக வேண்டும். மேலே இருக்கிறவன் அதுவரை கயிற்றை விடக் கூடாது.

நாயுடு பாக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

மாடியைப் பெருக்குகிற முனியம்மா சாட்சிக்கு வந்தாள். ரூம் காலி என்று முதலாளி சொன்னார், போய்ப் பெருக்கினாள், காகிதத்தை எடுத்துக் குப்பையில் போட்டாள், டம்ளரை எடுத்து ஜன்னல் வழியாகத் தண்ணீரைக் கொட்டினாள், கீழே கொண்டுவந்து மற்ற டம்ளர்களோடு கழுவுகிற தொட்டியில் போட்டாள். இவ்வளவுதான்.

“தண்ணியோட எதுனா வுழுந்துதா?” என்றார் நாயுடு.

“நல்லாத்தான் கவுத்தேன் நைனா. தண்ணி தவுர ஒண்ணும் வுழல. இருட்டுல உள்ள எட்டிப் பாக்கல.”

இந்தச் சாட்சியத்தை நான் சரியாக ஆராய்ந்திருக்க வேண்டும். ஆராயவில்லை. ஒன்றும் விழவில்லை என்றால் பல் எங்கே இருக்க வேண்டும் என்று சின்னப் பிள்ளை கூடச் சொல்லிவிடும். ஆனால் நான் சட்டம் படித்தவன்... ‘விழுந்ததை இவள் கவனிக்கவில்லை’ என்று தீர்மானம் செய்துவிட்டேன். ஜன்னலுக்குக் கீழே இருக்கிற சாக்கடையைத் தேடச் சொன்னேன். நாயுடு தானே வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு போனார். ஒரு தென்னந்துடைப்பத்தால் கிளறிப் பார்த்துவிட்டு, வாடிக்கைக்காரர்கள் கேட்டபோது மோதிரம் தேடுவதாகச் சொன்னார்.

இதற்கிடையில், சவேரிமுத்துவுக்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்டேன். பல் போனால் இன்னொரு பல் கட்டிக்கொள்ளலாமே?

அவர் தோல் பையைத் தட்டிக் காட்டினார். அன்றைக்குச் சாயங்காலம் அவருக்கு ரேடியோவில் பேச்சு. விஷயம் — முத்துக்குளிப்பு. முத்தைப் பற்றிப் பேச வந்தவருக்கா இப்படி ஆக வேண்டும்!

சிரிக்கத்தான் தோன்றியது. அடுத்தாற்போல் அவர் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

அவருக்கு ஓர் அண்ணன், பெயர் சூசை. முத்துக்கும் சங்குக்கும் முங்கி முங்கி, இரண்டு காதும் மந்தமாகிப் போனவர். அண்ணன் மூச்சடக்கிச் சம்பாதித்ததில்தான் தம்பி படித்து வாத்தியாரானார். அன்றைக்கு ஊர்ப் பார்க்கில் இருக்கிற ரேடியோவுக்கு நேர் கீழே அண்ணனை நாற்காலி போட்டு உட்காரவைக்க ஏற்பாடு. தெரு முழுக்கக் கேட்கப்போகிறது. மற்றவர்களுக்குக் கொஞ்சம் குழறினாலும் புரிந்துவிடும். அண்ணனுக்கு ஒவ்வொரு எழுத்தும் திருத்தமாக விழுந்தால்தான் உண்டு. அண்ணன் கடலுக்கு அடியில் பார்த்ததைத்தான் இவர் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். அவர் சொன்னதை அவருக்கே திருப்பிச் சொல்ல வேண்டும்... வேறு ஆளை வைத்துப் படிக்கச் சொன்னால் அது தம்பி குரல் ஆகுமா?

எனக்கு உண்மையாகவே சங்கடமாகப் போய்விட்டது. அன்றைக்கோ ஞாயிறு. பல் வைத்தியர் யாரையாவது பிடித்தாலும், சாயங்காலத்துக்குள் பல் கட்ட முடியுமா?

சாக்கடையிலிருந்து வெறுங்கையோடு வந்த நாயுடு, கைகால் கழுவிக்கொண்டு போர்டுக்குக் கீழே வந்து நின்றார். “போர்டு கீதே சார். ஜவாப்தாரி இல்லன்னு தெளிவா எழுதிக் கீது. அப்புறம் இன்னா?” என்றார்.

எனக்கு இதுதான் வேண்டியிருந்தது. வக்கீலுக்கு மனசு சங்கடமாக இருந்தால் அவன் சட்டம் பேச ஆரம்பித்துவிடுவான். ஒரு கையைக் காப்பி டம்ளர்மேல் வைத்துக்கொண்டேன். தீர்ப்புச் சொல்லத் தொடங்கினேன்.

சீமையில் ஒரு காலத்தில் சத்திரக்காரனும் வழிப்பறிக்காரனும் கூட்டு என்று பேச்சு. சத்திரக்காரன் வாசலில் நின்று உபசரிப்பான். அவன் மச்சான் பின்பக்கமாக வந்து மூட்டையைத் தூக்குவான். அதனால் அங்கே சட்டத்தைக் கறாராகப் போட்டார்கள். தங்க வந்தவன் சாமான் காணோமா? யார் எடுத்தார்கள் என்று விசாரிக்காதே, சத்திரக்காரன் தலையில் கட்டு. நம் ஊர்ச் சட்டம் அவ்வளவு பொல்லாதது இல்லை. ஒருவன் சாமான் உன் கைக்கு வந்ததா? புத்தியுள்ள மனுஷன் தன் சொந்தச் சாமானை எப்படிப் பார்த்துக்கொள்வானோ அப்படிப் பார்த்துக்கொள். அதற்கு மேலும் வேண்டாம், அதற்குக் கீழும் கூடாது.

“சொந்தப் பல்லையே நான் பாத்துக்கல சார்” என்று நாயுடு வாயைத் திறந்தார். வெற்றிலைக் காவி ஏறி, அங்கே ஒன்றும் இங்கே ஒன்றுமாக நின்றன.

“புத்தியுள்ள மனுஷன் என்று சொன்னேன், நாயுடு. உம்மைச் சொல்லவில்லை.”

போர்டு விஷயத்துக்கு வந்தேன். ‘ஜவாப்தாரி அல்ல’ என்று பலகையில் எழுதி மாட்டிவிட்டால் ஜவாப்தாரித்தனம் போய்விடுமா? எவனோ திருடன் ஓட்டைப் பிரித்து வந்தால் அது வேறு பேச்சு. உன் ஆள், உன் உத்தரவின்பேரில், உன் துடைப்பத்தால் பெருக்கியதற்கு நீதானே பதில் சொல்ல வேண்டும்? அப்படிப் போர்டு போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம் என்றால், நான்கூடக் கழுத்தில் ஒன்றை மாட்டிக்கொண்டு நிம்மதியாக இருப்பேனே!

அதுமட்டுமா? இந்த வழக்கில் சொத்து தொலைந்ததற்குக் காரணமே அந்தப் போர்டுதான். போர்டைப் பார்த்துப் பயந்ததால் அவர் பையை எடுத்துக்கொண்டு போனார். பையோடு போனதால் ரூம் காலி என்று நீர் நினைத்தீர். நீர் தப்பித்துக்கொள்ளப் போட்ட போர்டு பல்லைக் கொண்டுபோய்விட்டது.

‘போயிட்டு வாறேன்’ என்ன ஆயிற்று? சட்டம் வாயைப் பார்க்காது, மனசைப் பார்க்கும். திரும்பி வரும் எண்ணத்தோடு வெளியே போனவன் போன இடத்திலும் உன் விருந்தாளிதான். சந்தேகம் இருந்தால் ‘ரூமைக் காலி பண்ணுகிறீர்களா சார்?’ என்று ஒரு வார்த்தை கேட்க என்ன கேடு?

வாத்தியார் தலையைத் தலையை ஆட்டினார். அவரையும் விடவில்லை நான். தங்க வந்தவருக்கும் கடமை உண்டு. விலை உள்ள பொருள் என்றால் முதலாளியிடம் சொல்லி வைக்க வேண்டும். குடிக்கிற டம்ளரில் போட்டுக் காகிதத்தால் மூடிவைப்பது ஜாக்கிரதையில் சேராது.

நாயுடுவுக்கு உயிர் வந்தது. “அதைக் கேளுங்க. ஹோட்டல் டம்ளர்ல பல்லு ஊறிச்சின்னு வெளிய தெரிஞ்சா, நாளைக்கு என் கடைல எவன் சார் காப்பி குடிப்பான்?”

“அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்” என்றேன். குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன். சீமையில் ஒரு அம்மாள் குடித்த பாட்டிலுக்குள் நத்தை இருந்ததாம். வழக்கு மேல் கோர்ட்டு வரைக்கும் போய், பாட்டிலில் அடைத்தவன்தான் பொறுப்பு என்று ஆகிவிட்டது. நத்தைக்கே அப்படி. யாரோ ஒருவருடைய பல் நம் வாடிக்கைக்காரர் ஒருவருடைய டம்ளரில் போயிருந்தால்? அந்த மனுஷன் அதில் காப்பி குடித்திருந்தால்? நினைத்துப் பாரும் நாயுடு!

நாயுடு நினைத்துப் பார்த்தார். நேரே உள்ளே போய், ஹோட்டலில் இருக்கிற டம்ளர் அத்தனையையும் பார்க்கச் சொல்லி உத்தரவு போட்டார். தொட்டியில் கிடந்தது, அலமாரியில் கவிழ்த்திருந்தது, அடுப்படியில் இருந்தது எல்லாம் பார்த்தாகிவிட்டது. வாடிக்கைக்காரர் கையில் இருந்ததைக்கூடச் சர்வர் ‘சர்க்கரை போட்டேனா சார்?’ என்று கேட்கிற சாக்கில் எட்டிப் பார்த்துவிட்டான். எங்கும் இல்லை.

ஒரே ஒரு டம்ளரை யாரும் பார்க்கவில்லை. வக்கீல் கைக்கு அடியில் இருக்கிற டம்ளரை யார் சோதனை போடுவார்கள்?

தீர்ப்புச் சொல்லித் தொண்டை காய்ந்துவிட்டது. காப்பி ஆறிப்போயிருந்தது. சூடாக இருந்தால் டவராவில் ஊற்றி ஆற்றியிருப்பேன். ஆறின காப்பியை யார் ஆற்றுவார்கள்? டம்ளரை உயரத் தூக்கி, உதட்டில் படாமல், மடமடவென்று விட்டுக்கொண்டேன். எச்சில் பண்ணிக் குடிக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

முக்கால் வாசி போனதும் டம்ளருக்குள் ‘டிக்’ என்று ஒரு சத்தம்.

கீழே இறக்கிப் பார்த்தேன். டம்ளரின் அடியிலிருந்து ஒரு வரிசைப் பல் என்னைப் பார்த்துச் சிரித்தது.

விஷயம் இவ்வளவுதான். அந்தப் பல் தட்டு டம்ளரின் அடியில் அளவெடுத்த மாதிரி சிக்கிக்கொண்டுவிட்டது. கவிழ்த்தபோது தண்ணீர்தான் போயிற்று. நாயுடு ஹோட்டலில் டம்ளர் கழுவுவது என்பது தொட்டியில் ஒரு முக்கு. அந்த முக்குக்கு அது அசையவில்லை. சர்வர் அவசரத்தில் காப்பியை ஊற்றிவிட்டான். பல் பிடித்துக்கொண்ட இடத்துக்குக் காப்பி விளிம்பு வரை ஏறிவிட்டது. நான் நாயுடுவின் தாராளம் என்று நினைத்தேன்!

நாயுடு முகத்தில் ரத்தம் இல்லை. நத்தை வழக்கை அவர் மறந்திருக்க மாட்டார். சவேரிமுத்து மட்டும்தான் எழுந்து வந்து, இரண்டு கையாலும் டம்ளரை வாங்கிக்கொண்டார்.

முனியம்மா வெந்நீர் கொண்டுவந்தாள். பல்லை நன்றாக அலசி, துடைத்து, திரும்பி நின்று மாட்டிக்கொண்டார். மறுபடி எங்களைப் பார்த்தபோது கன்னம் நிரம்பி, பத்து வயசு குறைந்த வேறொரு ஆளாக இருந்தார். வாயை ஒருமுறை மென்று பார்த்தார். முதல் வார்த்தை மணிமணியாக வந்தது.

“காப்பியில சிக்கரி கூடிப்போச்சு அய்யா.”

நாயுடுதான் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லோரும்.

சமரசம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? வாத்தியாருக்கு நாயுடு மேல் ஒரு வழக்கு. நாயுடுவுக்கு வாத்தியார் மேல் ஒரு வழக்கு. எனக்கு இருவர் மேலும். ஆனால் வாத்தியார் பக்கம் பேசிய ஒரு பாயிண்டு என் வாயை அடைத்துவிட்டது. அவர் பல்லைத் தேடுகிற நேரம் முழுவதும் அது யார் கைவசம் இருந்தது? கை வைத்துக்கொண்டு சட்டம் பேசியது யார்? புத்தியுள்ள மனுஷன் தன் டம்ளருக்குள் ஒருதரம் எட்டிப் பார்க்க மாட்டானா? வாதி, பிரதிவாதி, நீதிபதி மூன்று பேரும் பொறுப்பாளிகள் என்றால் வழக்கைத் தள்ளுபடி செய்வதைத் தவிர வேறு வழியில்லை. தள்ளுபடி செய்தேன்.

நாயுடு அன்றைக்கே மாப்பிள்ளையின் மாமாவுக்குத் தன் சொந்த அறையைக் கொடுத்துவிட்டு, வாத்தியாருக்கு அவர் ரூமைத் திருப்பித் தந்தார். போர்டையும் கழற்றினார். ஆணி மட்டும் இருக்கிறது.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். வாசற்படியிலேயே நிறுத்திவிட்டாள்.

“யாரோட பல்லையோ அலம்பின காப்பியைக் குடிச்சுண்டு வந்திருக்கேள். ஆத்துக்குள்ள வராதீங்கோ. நேரே கிணத்தடிக்குப் போங்கோ.”

இந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. குளித்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

சாயங்காலம் நாயுடு ஹோட்டலில் ரேடியோவைச் சுற்றி நல்ல கூட்டம். நாயுடுவே முன்கூட்டி எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார், ‘நம்ம ரூம் ஆளு பேசறாரு’ என்று. முனியம்மா கதவோரம் நின்றாள். நானும் போனேன். காப்பி குடிக்கவில்லை.

வாத்தியார் பேசினார். எப்படிப் பேசினார் என்கிறீர்கள்! ஆழம், மூழ்கி, சிப்பி, சங்கு... ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக வந்து விழுந்தது. இவ்வளவு நிறுத்தி நிதானமாக ரேடியோவில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. பட்டணத்துக்காரர்களுக்கு இவ்வளவு நிதானம் எதற்கு என்று என் பக்கத்தில் ஒருவர் முணுமுணுத்தார். யாருக்காக அந்த நிதானம் என்று எனக்கும் நாயுடுவுக்கும் தெரியும். எங்கேயோ ஒரு பார்க்கில், நாற்காலியில் உட்கார்ந்து, கையைக் காதுக்குப் பக்கத்தில் குவித்து வைத்துக்கொண்டு ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்...

பேச்சு முடிந்தது. வணக்கம் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். எழுதிக்கொடுத்தது அவ்வளவுதான் போலிருக்கிறது. ஆனால், ரேடியோக்காரர்கள் தடுப்பதற்குள், “சூசையண்ணே... போயிட்டு வாறேன்” என்றார்.

உடனே எவரோ அவசரமாக வீணை இசைத்தட்டைப் போட்டுவிட்டார்கள்.

நாயுடு ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சமயம் பார்த்து, பெட்டியும் படுக்கையுமாக ஒருவர் வாசலில் வந்து நின்று, மாடியில் ரூம் ஏதாவது காலியாக இருக்கிறதா என்று கேட்டார்.

“இல்ல சார்” என்றார் நாயுடு. “ஆளு கீது. வர்றேன்னு இப்பத்தான் ரேடியோல சொன்னாரு.”